மண் போட்டு உயர்த்திய வளவும் வீட்டுக்குள் வந்த வெள்ளமும்: வாசகர் கேள்வி பதில்

டித்வா புயல் அடித்துவிட்டுப் போனதிலிருந்து வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டே விஷயங்களைத்தான் கேட்கின்றன. எங்கள் பக்கம் இத்தனை வீடு கட்ட யார் அனுமதி கொடுத்தது, விழுந்ததையும் அடைத்ததையும் யார் துப்புரவாக்குவது. இரண்டும் ஒரே விஷயம்தான் என்பது என் எண்ணம், ஏன் என்று பதில்களுக்குள் சொல்கிறேன். ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறேன், பெயர்களைப் போடவில்லை.

கேள்வி: எங்கள் ஒழுங்கைக் கடைசியில் ஒரு பெரிய தென்னை வளவு இருந்தது. அதை ஒருவர் வாங்கி, மரங்களைத் தறித்து, டிப்பர் டிப்பராகக் கிரவல் கொட்டி இரண்டு அடி உயர்த்தி, ஆறு பேர்ச் துண்டுகளாக விற்றுவிட்டார். இந்த மாரிக்குத்தான் முதல்முறையாக எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. 78 சூறாவளிக்குக்கூட வரவில்லை என்று அம்மா சொல்கிறா. ஓரிடத்தில் இத்தனை வீடுதான் என்று மாநகர சபை ஒரு எல்லை வைக்க முடியாதா? (கல்லடி வாசகி)

முடியும், எல்லையும் ஏற்கனவே இருக்கிறது. ஆனால் அந்த எல்லை உங்கள் பிரச்சினையைத் தீர்க்கிற எல்லை இல்லை, அதுதான் கவலை.

நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளின்படி குடியிருப்புக் காணியின் ஆகக் குறைந்த அளவு 150 சதுர மீற்றர். நம் கணக்கில் ஏறக்குறைய 6 பேர்ச். எல்லோரும் ஆறு பேர்ச், ஆறு பேர்ச் என்று விற்பதற்குக் காரணம் இதுதான், சட்டம் அனுமதிக்கிற கடைசிப் படி அது. அந்தந்த ஊருக்கென்று வர்த்தமானியில் வந்த அபிவிருத்தித் திட்டம் இருந்தால் அதில் வேறு அளவு சொல்லலாம், இந்த இடத்தில் 10 பேர்ச்சுக்குக் குறையக்கூடாது, அந்த இடத்தில் கட்டவே கூடாது என்றெல்லாம் போடலாம். அதனால் எல்லை வைக்க முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு விடை ஆம், வைக்கிற இடம் அந்தத் திட்டம்.

சரி, 6 பேர்ச் என்றால் என்ன என்று கொஞ்சம் அளந்து பார்ப்போம். 30 அடி அகலம், 54 அடி நீளம், அவ்வளவுதான். அதற்குள் வீடு, மலகூடக் குழி, கிணறு, பின்பக்கம் விடவேண்டிய வெளி எல்லாம் வரவேண்டும். கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் 50 அடி இடைவெளி விடச் சொல்லிச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார், அந்தக் காணியில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு 62 அடிதான் வரும், குழியையும் கிணற்றையும் எதிரெதிர் மூலையில் வைத்தாலும் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றடியில் நிற்கும். கல்லடி, நாவற்குடா, டச்பார் எல்லாம் கடல் மணல், மேலே ஊற்றுகிற தண்ணீர் கீழே இறங்கித் தடையில்லாமல் பக்கத்து வளவுக்குப் போகும். குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதால் கிணற்றை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். வெள்ளம் வந்து குழாய் நின்ற நாட்களில் எல்லோரும் கிணற்றுக்குத்தான் ஓடினோம்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். ஒரு ஏக்கர் வளவில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், அது மட்டக்களப்பு மாரியில் அபூர்வமான மழை இல்லை, 4 இலட்சம் லீற்றர் தண்ணீர் விழுகிறது. முன்பு அந்தத் தென்னை வளவு அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும், மிச்சம் பள்ளத்தில் இரண்டு மூன்று நாள் நின்று வற்றும். உங்கள் ஒழுங்கைத் தண்ணீரும் அந்தப் பள்ளத்துக்குத்தான் போயிருக்கும், நீங்கள் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள், போகிற தண்ணீரை யாரும் கவனிப்பதில்லை. அதே ஏக்கரை இரண்டு அடி உயர்த்த சுமார் 870 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) மண் வேண்டும். அந்த மண் பிடித்த இடம் முழுக்க முன்பு தண்ணீர் நின்ற இடம். மேலே கூரை, முன்னால் கொங்கிரீட் கல், சுற்றிவர மதில். தண்ணீருக்கு இருக்கிற ஒரே பள்ளம் இனி உங்கள் வீடு.

உங்கள் கடிதத்தோடு அனுப்பிய படத்தை நன்றாகப் பார்த்தேன். ஒழுங்கைக் கடைசியில் புது மதில், அதன் அடியில் நாலு அங்குலப் பிளாஸ்ரிக் குழாய் ஒன்று, அதன் வாயில் தென்னங்குருத்து ஓலையும் ஒரு பால்மாப் பையும் சிக்கி நிற்கிறது, மதிலில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக்கோடு. அந்தக் குழாய்தான் அந்த வளவைப் பிரித்தவர் உங்கள் ஒழுங்கைக்குக் கொடுத்த வடிகான். இரண்டு அடி அகலக் கான் வரவேண்டிய இடத்தில் அது.

ஆகவே நீங்கள் கேட்கவேண்டிய கேள்வியைக் கொஞ்சம் மாற்றச் சொல்வேன். எத்தனை வீடு என்பதோடு சேர்த்து, தண்ணீர் எங்கே போகும் என்று அனுமதிப் படத்தில் காட்டியிருந்ததா என்று கேளுங்கள். காணியைத் துண்டு போட உப பிரிவிடல் அனுமதி எடுக்கவேண்டும், நில அளவையாளரின் படத்தில் உள்வீதியும் வடிகானும் வரவேண்டும், துண்டுகள் கூடக்கூட வீதி அகலமாக வேண்டும், பெரிய காணி என்றால் 10 சதவீதம் பொது வெளியாக விடவேண்டும். அனுமதி எடுத்திருந்தால் அந்தப் படம் சபையின் கோவையில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், அதன் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள்: இன்ன வீதி, இன்ன காணி, உப பிரிவிடல் அனுமதியின் பிரதியும் படத்தின் பிரதியும் வேண்டும் என்று. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஏன் கேட்கிறீர்கள் என்று யாரும் உங்களிடம் விளக்கம் கேட்கக்கூடாது.

படத்தில் கான் இருந்து நிலத்தில் இல்லையென்றால் உங்கள் கை ஓங்கியது, அனுமதியின் நிபந்தனையை மீறியிருக்கிறார்கள், சபை நடவடிக்கை எடுக்கலாம். படத்திலேயே கான் இல்லையென்றால் அனுமதித்தவர்களிடம் கேள்வி இருக்கிறது. அனுமதியே இல்லையென்றால் விஷயம் வேறு, அதைக் கீழே இன்னொரு பதிலில் சொல்கிறேன். ஒழுங்கையில் இருக்கிற எல்லா வீட்டாரும் சேர்ந்து கையெழுத்து வையுங்கள், புதுக்காணியில் வீடு கட்டியவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் உங்கள் எதிரிகள் இல்லை, கடன்பட்டு ஒரு துண்டு வாங்கியவர்கள், அடுத்த மாரியில் அவர்கள் வீதியிலும் தண்ணீர் நிற்கும்.

அம்மா சொன்ன 78ஐப் பற்றி ஒரு வார்த்தை. 1978 நவம்பர் 23 இரவு அடித்தது காற்று, 900க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், மட்டக்களப்பின் தென்னையில் மிகப் பெரும்பகுதி ஒரே இரவில் சாய்ந்தது. அவ்வளவு பெரிய சூறாவளியிலும் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, இப்போது வந்தது என்றால், வானத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. அம்மா சொன்னதை எழுத்தில் போட்டு விண்ணப்பத்தோடு சேருங்கள், அது சாட்சியம்.

கேள்வி: பள்ளக்காணியில் இனி வீடு கட்ட அனுமதிப்பதில்லை என்று சபைக் கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானம் எடுத்தால் அது அன்றிலிருந்து சட்டமா? எங்கள் காணியும் பள்ளம்தான், மகளுக்குச் சீதனமாக வைத்திருக்கிறோம். (கருவேப்பங்கேணி வாசகர்)

இல்லை ஐயா. சபைத் தீர்மானம் சபையின் நிலைப்பாடு, அதற்கு மேல் போகவேண்டிய தூரம் நிறைய. மாநகர சபை ஒரு துணைவிதி செய்தால் அது அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வரவேண்டும். கட்டுமான எல்லை, குடியிருப்பு அடர்த்தி போன்றவை என்றால் நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டத்தில் சேரவேண்டும். 1978இன் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அதிகாரம் அவர்களுடையது, உள்ளூராட்சி சபைகள் பெரும்பாலும் அவர்கள் கையளித்த அதிகாரத்தில்தான் அனுமதி கொடுக்கின்றன. கூட்டத்தில் கை உயர்த்தியதோடு உங்கள் மகளின் காணி கட்ட முடியாத காணியாகிவிடாது.

ஆனால் இதைக் கேட்டு நிம்மதியாகப் போய்விடாதீர்கள். அந்த மாதிரித் திட்டம் வரைவாக வரும்போது 60 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். சபை, பிரதேச செயலகம் போன்ற இடங்களில் வரைபடம் தொங்கும். அந்த 60 நாளில் போய்ப் பார்த்து, என் காணி எந்த நிறத்தில் இருக்கிறது, எனக்கு என்ன ஆட்சேபனை என்று எழுதிக் கொடுப்பவர்கள் மிகமிகக் குறைவு. காணி விற்பவர்கள் போகிறார்கள், சாதாரண ஆட்கள் போவதில்லை. திட்டம் வர்த்தமானியில் வந்தபிறகு கத்திப் பயனில்லை.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: உண்மையான பள்ளக்காணிகளில், தண்ணீர் போகிற வழியில், புது வீடுகளை நிறுத்தத்தான் வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்கு அது வலிக்கும் என்று தெரியும். அப்படி நிறுத்துகிற சபை உங்களுக்கு மாற்றுக் காணியோ இழப்பீடோ என்ன வழி என்றும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு கடலிலிருந்து 200 மீற்றர் என்று கிழக்கில் கோடு கீறினார்கள், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். காணி இழந்தவனுக்கு என்ன என்பது தெளிவாகாமல் சனம் தகரக் கொட்டிலில் கிடந்தது, கடைசியில் கோட்டைத் தளர்த்த வேண்டி வந்தது. கோட்டை மட்டும் கீறினால் அது நிற்காது.

உங்கள் காணி வயலாக இருந்த காணி என்றால் இன்னொன்றும் உண்டு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி வயலை எழுத்திலான அனுமதி இல்லாமல் மண் போட்டு நிரப்புவது குற்றம். கமநல சேவை நிலையத்தில் கேட்காமல் ஒரு டிப்பர் மண்ணும் இறக்கவேண்டாம்.

கேள்வி: பக்கத்து வளவுப் பெரிய வாகை மரம் காற்றுக்கு முறிந்து எங்கள் மதிலில் விழுந்தது, பாதி வீதியில் கிடக்கிறது. சபைக்காரர் வீதிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சத்தை யார் எடுப்பது? மதிலுக்கு யார் பணம் தருவது? (மஞ்சந்தொடுவாய்)

அவர்கள் செய்தது முறைதான், அரைகுறையாக விட்டுப் போகவில்லை. சபை வீதியில் விழுந்ததைச் சபை அகற்றும், பிரதான வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, மின்கம்பியில் கிடக்கிற கிளை என்றால் மின்சார சபைக்கு 1987இல் அடித்துச் சொல்லவேண்டும், அவர்கள் கம்பியைத் துண்டிக்கும்வரை நீங்களும் தொடவேண்டாம், அவசரப்பட்டு வாள் பிடிக்கிற பொடியன்களையும் விடவேண்டாம். தனியார் வளவுக்குள் கிடப்பது மரத்துக்காரரின் பொறுப்பு.

மதிலைப் பற்றி: நன்றாக நின்ற மரம் புயலுக்கு விழுந்தால் மரத்துக்காரரை நட்டஈடு கேட்பது கஷ்டம், அது இயற்கையின் செயல் என்று போய்விடும். மரம் உளுத்திருந்தது, சாய்ந்திருந்தது, நீங்கள் முன்பே எழுத்தில் அறிவித்திருந்தீர்கள் என்றால் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. வாயால் சொன்னது நிற்காது. இப்போதும் ஊரில் எத்தனையோ வளவுகளில் வேர் கிளம்பிய மரங்கள் நிற்கின்றன. பதிவுத் தபாலில் மரத்துக்காரருக்கு ஒன்று, பிரதிகள் மாநகர ஆணையாளருக்கும் பிரதேச செயலாளருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும், இதை அடுத்த மாரிக்கு முன் செய்துவிடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பொதுத் தொல்லை என்று பொலிஸ் மூலம் நீதவானிடம் போக வழி இருக்கிறது. பலா, ஈரப்பலா, பெண் பனை இவற்றைத் தறிக்க அனுமதி வேண்டும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், விழுந்த மரம் அவருடைய மரம். விறகுக்கு வெட்டி விற்றுவிட்டு மதிலுக்குப் பணம் கேட்டால் சண்டைதான் வரும். மரத்தை அவர் எடுக்கட்டும், மதிலைப் பாதிப்பாதி கட்டுவோம் என்று பேசித் தீர்த்த அயலவர்கள் நம் ஊரில் நிறையப்பேர்.

கேள்வி: வீட்டைத் துப்புரவாக்க 25,000 ரூபா என்றார்கள், எங்களுக்குக் கிடைக்கவில்லை. சபையில் கேட்டால் தெரியாது என்கிறார்கள்.

அது சபைப் பணம் இல்லை. அரசாங்கம் அறிவித்த கொடுப்பனவு, கிராம உத்தியோகத்தர் பதிந்து பிரதேச செயலகம் மூலம் வருவது. பிரதேச செயலகத்தின் அனர்த்த நிவாரணப் பிரிவில் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேட்டு, ஒப்பமிட்ட பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள். தண்ணீர் நின்ற படம் கைத்தொலைபேசியில் இருந்தால் அச்செடுத்துச் சேருங்கள்.

கேள்வி: எங்கள் தோணா (ஊர்த் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகிற ஓடை) முழுக்க ஆற்றுவாழையும் (ஆகாயத்தாமரை) குப்பையும். ஒவ்வொரு மழைக்கும் பெக்கோ கொண்டுவந்து கொஞ்சம் அள்ளுகிறார்கள், அள்ளியதைக் கரையிலேயே போடுகிறார்கள், அடுத்த மழைக்கு அது திரும்ப உள்ளே. இதைத் தோண்டவேண்டியது யார்? (சாய்ந்தமருது வாசகர்)

ஒருவர் இல்லை, அதுதான் நோய். தோணாவுக்குள் வந்து சேருகிற கான்கள் மாநகர சபை, மேலே வயல் வாய்க்கால் நீர்ப்பாசனமும் கமநலமும், கடலோடு சேருகிற வாய் கரையோரம் பேணல், கரைக் காணி பிரதேச செயலகம், குறுக்கே போகிற பெரிய பாலம் வீதி அபிவிருத்தி. மழை வந்ததும் எல்லோரும் சபையைப் பார்க்கிறார்கள், ஏனென்றால் பெக்கோ அவர்களிடம்தான் இருக்கிறது.

மட்டக்களப்புப் பக்கமும் இதே கதை பெரிய அளவில். வாவி 56 கிலோமீற்றர் நீளம், வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைவரை. அத்தனை தண்ணீரும் கடலுக்குப் போவது முகத்துவாரத்தாலும் கல்லாற்றாலும்தான், மணல் மேடு அடைத்துவிட்டால் உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். வெட்டு, வெட்டு என்று வயல்காரர் கேட்பார், இறால் போய்விடும், உப்பு ஏறிவிடும், பொறு என்று மீன்காரர் கேட்பார், இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, மாவட்டச் செயலகத்தில் கூடி முடிவெடுத்துத்தான் வெட்டுகிறார்கள். வாவிக்குச் சரியோ பிழையோ அப்படி ஒரு மேசை இருக்கிறது, எல்லோரும் வந்து உட்காருகிற மேசை. தோணாக்களுக்கும் ஊர்க் கான்களுக்கும் அந்த மேசை இல்லை.

எனக்குத் தெரிந்து செய்யக்கூடிய காரியம் இது: மழை வருமுன், ஆவணி புரட்டாதியிலேயே, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் தோணாவை ஒரு விடயமாகப் போடச் சொல்லி உங்கள் பள்ளிவாசல் நிர்வாகமும் விளையாட்டுக் கழகமும் மீனவர் சங்கமும் சேர்ந்து கடிதம் கொடுங்கள். அந்தக் கூட்டத்தில் எல்லாத் திணைக்களமும் இருக்கும், அது எங்கள் வேலை இல்லை என்று ஒருவர் சொன்னால் யாருடைய வேலை என்று அங்கேயே கேட்கலாம். அள்ளியதைக் கரையில் போடாமல் அன்றே ஏற்றவேண்டும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள், ஆற்றுவாழை கரையில் கிடந்தாலும் உடனே சாகாது, மழைத் தண்ணீர் பட்டதும் மிதந்து உள்ளே போய்விடும்.

உங்களுக்குக் கோபம் வரலாம், இருந்தாலும் சொல்கிறேன்: தோணாக் கரையில் மண் போட்டுப் பின்மதிலைத் தள்ளிக் கட்டியவர்கள் வெளியூர்க்காரர் இல்லை. மேலே கேட்ட கல்லடித் தங்கச்சியின் ஒழுங்கையில் நடந்ததுதான் அங்கேயும் நடந்திருக்கிறது. கரையை ஒடுக்குகிற ஒவ்வொரு மதிலுக்கும் யாரோ அனுமதித்தார்கள் அல்லது யாரோ பார்க்காமல் இருந்தார்கள், பிறகு அதே ஒடுங்கிய இடத்தில் அடைத்த குப்பையை அள்ள வரிப்பணத்தில் எரிபொருள் போகிறது. அனுமதியும் துப்புரவும் ஒரே விஷயம் என்று நான் முதலில் சொன்னது இதைத்தான். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியில் உழவு இயந்திரத்தோடு மதரசாப் பிள்ளைகள் அடித்துச் செல்லப்பட்டதை அம்பாறை மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. தண்ணீர் எந்த வழியால் எவ்வளவு வேகத்தில் பாயும் என்பது நமக்கு உயிர்ப் பிரச்சினை.

கேள்வி: அனுமதி எடுத்த படத்தில் ஒரு மாடி. கட்டும்போது மேலே இரண்டு அறை கூடப் போட்டுவிட்டோம், பின்பக்கம் விடவேண்டிய இடத்திலும் குசினியை நீட்டிவிட்டோம். இப்போது அறிவித்தல் வந்திருக்கிறது. உடைத்துவிடுவார்களா? (அக்கரைப்பற்று)

அறிவித்தல் வந்த அடுத்த நாளே உடைக்க முடியாது. கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து கட்டளை வாங்கித்தான் உடைப்பார்கள். ஆனால் நீதிமன்றம் போனபிறகு உங்களிடம் அனுமதி இருக்கிறதா இல்லையா என்ற கேள்விதான் மிஞ்சும், உங்கள் கஷ்டத்தைச் சொல்லி மாற்ற முடியாது. அதனால் அறிவித்தலை மடித்து அலுமாரியில் வைக்காமல், வேலையை நிறுத்திவிட்டு, உள்ளதை உள்ளபடி புதிய படம் கீறுவித்து, கட்டணம் கட்டி விதிக்குள் வரக்கூடியதற்குப் பின்னனுமதி கேளுங்கள். மேல்மாடி வரக்கூடும். பின்பக்க வெளிக்குள் நீட்டிய குசினி வருவது கடினம், அந்த வெளி காற்றுக்கும் தண்ணீருக்கும் தீயணைக்கப் போவதற்கும் விட்ட இடம், அதை நீங்களே பின்னிழுத்தால் மற்றதற்குக் கதைக்க வாய் இருக்கும். இணக்கச் சான்றிதழ் (அனுமதித்த படத்தின்படியே கட்டியது என்று தருகிற சான்று) எடுக்கும்வரை வீட்டில் குடிபோகக்கூடாது என்பதும் பலருக்குத் தெரியாது, வங்கிக் கடனுக்குப் போகும்போதுதான் அது இல்லாத கஷ்டம் தெரியவரும்.

கேள்வி: நாவலடியில் சுனாமிக்குப் பிறகு கட்டித்தந்த வீட்டில் இருக்கிறோம். பின்னால் ஓர் அறை நீட்ட யாரிடம் போகவேண்டும்?

இரண்டு இடம். கரையோரம் பேணல் சட்டம், 1981இன் 57ஆம் இலக்கம், சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர்வரை கரையோர வலயம் என்கிறது. அதற்குள் அபிவிருத்தி வேலைக்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். முதலில் அங்கே கேளுங்கள், பிறகு சபை. சபையில் முதலில் போனால் அங்கே போய்வரச் சொல்லித்தான் அனுப்புவார்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிய இடம் அது, இரண்டு பக்கத்திலிருந்தும் அளப்பார்கள்.

கேள்வி: ஈரமான மெத்தை, உடைந்த கூரைச் சீற், சேறு, இதெல்லாம் மதிலடியில் குவித்து வைத்திருக்கிறோம். குப்பை வண்டி எடுக்கவில்லை.

கலந்து குவித்தால் எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் முடியாது. உக்குவது, ஓலை கிளை ஒரு பக்கம். மெத்தை, தளபாடம் ஒரு பக்கம். சேறும் கல்லும் இன்னொரு பக்கம், சேற்றை ஒருபோதும் கானுக்குள் தள்ளவேண்டாம், ஒழுங்கையில் இருக்கிற கான் பாதிக்கு மேல் அடைபடுவது வெள்ளம் வடிந்த பிறகு நாமே கழுவித் தள்ளுகிற சேற்றால். அஸ்பெஸ்ரஸ் சீற்றை உடைக்காமல், தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, மூக்கைக் கட்டிக்கொண்டு முழுசாகத் தூக்கி வையுங்கள், தூள் நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. வட்டார உறுப்பினரிடம் பெருங்கழிவு வண்டி எந்த நாள் வருகிறது என்று கேட்டு அந்த நாளைக்கு வெளியே வையுங்கள். கிணற்றை இறைத்துக் குளோரின் போடச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிடுங்கள். சிரட்டை, ரயர் இருந்தால் இன்றைக்கே கவிழ்த்துவிடுங்கள், வெள்ளத்துக்குப் பிறகு டெங்கு வருவதைப் பலமுறை பார்த்துவிட்டோம்.

கேள்வி: சபைக்குச் சோலைவரி (வீடு வளவுக்கான ஆதன வரி) கட்டுகிறோம், கானும் இல்லை துப்புரவும் இல்லை. கட்டாமல் விட்டால் என்ன?

விடவேண்டாம். நிலுவை ஏறும், வட்டியும் வரும், பிறகு படத்துக்கு அனுமதி கேட்கப் போகும்போது முதலில் அதைக் கட்டிவிட்டு வா என்பார்கள். ஜனவரி 31க்கு முன் முழு ஆண்டுக்கும் கட்டினால் 10 சதவீதம் கழிவு. கட்டிய பற்றுச்சீட்டோடு, சபையின் வரவுசெலவுத் திட்டத்தில் எங்கள் வட்டாரத்துக் கானுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள் என்று கேளுங்கள். அதுவும் தகவல் அறியும் சட்டத்தில் கேட்கக்கூடியது.

கேள்வி: திராய்மடுப் பக்கம் ஒரு துண்டுக் காணி பார்த்திருக்கிறேன், வெளிநாட்டில் இருக்கிற அண்ணன் பணம் அனுப்புகிறார். முற்பணம் கொடுக்குமுன் என்ன பார்க்கவேண்டும்? (ஊறணி இளைஞர்)

தம்பி, முதலில் மழைக்குள் போய்ப் பாருங்கள். வைகாசி வெயிலில் எல்லாக் காணியும் மேடுதான். மார்கழியில் ஒரு நல்ல மழைக்கு அடுத்த நாள் காலையில் போய், தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் போகிறது என்று நின்று பாருங்கள். பக்கத்து வீட்டு வயதானவர்களிடம் 2011 ஜனவரி வெள்ளத்தில் இங்கே எவ்வளவு நின்றது என்று கேளுங்கள், காணி விற்கிறவரிடம் கேட்காதீர்கள்.

பிறகு காகிதம். உறுதியை நொத்தாரிசு பார்ப்பார், அது அவர் வேலை. அவர் பார்க்காத மூன்று காகிதம் உங்கள் வேலை: சபை அங்கீகரித்த உப பிரிவிடல் படம் (நில அளவையாளர் கீறியது மட்டும் போதாது, சபை முத்திரை இருக்கவேண்டும்), வீதிக் கோட்டுச் சான்றிதழ் (வீதிக்கென்று ஒதுக்கிய கோடு காணிக்குள் வருகிறதா என்று காட்டுவது), பள்ளக்காணியை நிரப்பியிருந்தால் அதற்கான அனுமதி. படத்தில் உள்வீதியும் கானும் எங்கே முடிகின்றன என்று விரலால் பிடித்துக்கொண்டே போங்கள். கான் ஏதாவது ஒரு பொதுக் கானிலோ வாவியிலோ போய் முடியவேண்டும். இன்னொருவரின் வளவு எல்லையில் போய் நின்றால் அந்தத் தண்ணீர் அவர் வீட்டுக்குள் போகும், நாளைக்கு அவர் மண் போட்டு உயர்த்தினால் உங்கள் வீட்டுக்குள் வரும். அந்தப் படத்தைக் காட்ட விற்கிறவர் பின்னடித்தால், எவ்வளவு மலிவு என்றாலும், அண்ணனின் பணத்தை அங்கே கொடுக்கவேண்டாம்.